ஆணி அடிக்கக் கூடாத சுவர்

அரக்கோணம்
5.1.2024

திருமதி ரஃபத் ஜஹான் அவர்களுக்கு,

உங்கள் ஆம்பூர் வீட்டின் சொந்தக்காரன் கோதண்டபாணி எழுதுவது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசியது காற்றோடு போய்விடும். நான் ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். எழுத்தில் வராத பேச்சை நம்பி நாங்கள் ஒரு போல்ட்டைக்கூடத் திருகியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை, 31.12.2023 அன்று காலை பத்து மணிக்கு மேல் நீங்கள் குடியிருக்கும் மாடிக் கூடத்தில் சுத்தியல் சத்தம் கேட்டதாகக் கீழ்வீட்டுக் கோவிந்தம்மாள் சொன்னார். ஒன்பது வருஷமாக என் வீட்டில் குடியிருக்கிறவர் அவர். இல்லாததைச் சொல்ல மாட்டார். "ஆணி ஒண்ணுக்கு அஞ்சாறு அடின்னு வெச்சாலும் எப்டியும் ஏழெட்டு ஆணி இருக்கும் சார்" என்றார்.

நாம் இருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டருக்காக ஏற்கெனவே உள்ள ஒரே ஆணியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.' இது பத்திரம் எழுதுகிறவர் வழக்கமாகப் போடுகிற வரி இல்லை. நானே சொல்லி எழுத வைத்தது. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலி செய்தபோது அந்தக் கூடத்துச் சுவர் சல்லடையாக இருந்தது. நாற்பத்தொரு ஓட்டை. நின்று எண்ணினேன்.

இந்த மாதக் கடைசிக்குள் ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளை அடைக்க வேண்டும். இல்லையென்றால் மார்ச் 31ஆம் தேதி ஒப்பந்தம் முடிகிறபோது நான் புதுப்பிக்க மாட்டேன். வேறு வீடு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் பதிலையும் எழுத்திலேயே எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கோ. கோதண்டபாணி

ஆம்பூர்
10.1.2024

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

சலாம். தபால்காரர் உங்கள் கடிதத்தை நீட்டியபோது வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துபோனேன். பிரித்துப் படித்தால் ஏறக்குறைய அதேதான்.

அடித்தது உண்மை. ஆனால் ஏழெட்டு இல்லை, ஐந்து. கோவிந்தம்மாள் அக்காவின் கணக்கில் சுத்தியல் நழுவி என் கட்டைவிரலில் விழுந்த அடியும் சேர்ந்திருக்கும். உங்களைக் கேட்காமல் அடித்தது என் தப்புதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இது எங்களுக்கு ஆறாவது வாடகை வீடு. ஆறு வீட்டிலும் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு வீட்டில் காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நான் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவள். ஒரு நாளைக்கு நானூறு தோல் என் கண்ணெதிரே போகிறது. சிவப்பு, கருநீலம், தேன் நிறம், புளியங்கொட்டை நிறம். அத்தனையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எதிரே வெறுஞ்சுவர், ஆஸ்பத்திரி வார்டு மாதிரி. இந்த வருஷம் ஒரு சுவராவது என் இஷ்டப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பெரிய ஆசை இல்லை ஐயா. ஒரு சுவர்.

முதலில் கடையில் வாங்கலாம் என்றுதான் போனேன். வேலூர் லாங்கு பஜாரில் ஒரு பிரேம் கடை. ஏழு குதிரை ஓடுகிறது, மான் தண்ணீர் குடிக்கிறது, ஒரு குழந்தை வாயில் விரல் வைத்துச் சத்தம் போடாதே என்கிறது. நாங்கள் தொழுகிற இடத்தில் உயிருள்ள உருவத்தை மாட்டுவதில்லை. அதைச் சொன்னதும் கடைக்காரர் ஓர் அருவியை எடுத்துக் காட்டினார். அருவி ஓரத்தில் இரண்டு வாத்து. வெல்வெட்டில் தங்க எழுத்தாய் குர்ஆன் ஆயத்து எழுதிய பிரேம் ஒன்று அழகாக இருந்தது. விலையைக் கேட்டதும் மரியாதையோடு இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். பிறகு என் மகள் மெஹக் போனில் ஆர்டர் போட்டாள். எட்டு நாள் கழித்து வந்த பெட்டியைப் பிரித்தால் மண்ணெண்ணெய் வாசனையோடு ஈஃபில் கோபுரம். ஆம்பூர்க்காரிக்கு ஈஃபில் கோபுரம் எதற்கு? திருப்பி அனுப்பிவிட்டோம்.

கடைசியில் கிடைத்தது வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில். கம்பெனியில் நான் ஆகாது என்று தள்ளுகிற தோலெல்லாம் மஹபூப் பாஷா பாயின் கழிவுத்தோல் கடைக்குத்தான் போகிறது. எடை போட்டு விற்பார். உயிரோடு இருந்தபோது முள்வேலி கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளிகள், சாயம் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் ஏறாத துண்டு. எதுவும் ஷூவுக்கு ஆகாது. ஒரு சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள் ஐயா, லாங்கு பஜாரில் அந்த அழகு கிடைக்காது. சுவரில் மாட்டுவதற்கு என்றதும் பாஷா பாய், "இன்னா ஆபா, செருப்பு தைக்க ஆவாதத செவுத்துல மாட்றியா, ஜாஸ்தி துட்டு சேந்துச்சா?" என்று கடை அதிரச் சிரித்தார். ஒரு கிலோவுக்கு ஐந்து துண்டு நின்றது. மூடிப்போன போட்டோ ஸ்டூடியோவிலிருந்து பழைய சட்டங்களை வாங்கினேன். ஓவியத்தைத் தராசில் போட்டு வாங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மார்ச் கடைசியில் மெஹக்குக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடம் இங்கிருந்து நடக்கிற தூரம். அந்த நேரத்தில் சாமான் கட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்? ஐந்தே ஐந்து ஆணிக்கு அனுமதி கொடுங்கள். காலி செய்யும்போது அடைத்து, பெயிண்ட் அடித்துத் தருகிறேன்.

உங்கள்
ரஃபத் ஜஹான்

அரக்கோணம்
18.1.2024

திருமதி ரஃபத் ஜஹான் அவர்களுக்கு,

பொங்கலுக்கு மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்ததால் பதில் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். அதற்காகச் சட்டம் வளையாது. ஐந்தானாலும் ஆணி ஆணிதான். இன்று ஐந்து என்பார்கள், நாளைக்கு நாற்பத்தொன்று.

இப்போது இரண்டாவது விஷயம் ஒன்று சேர்ந்திருக்கிறது. நீங்கள் மாட்டியிருப்பது தோல் என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தோலைச் செருப்பாக்கிக் காலில் போடலாம், பையாக்கித் தோளில் மாட்டலாம். அதை நடுக்கூடத்தில் கண்ணுக்கு நேராக மாட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கூடத்தில்தான் நாங்கள் கிரகப்பிரவேசத்துக்கு ஹோமம் வளர்த்தோம். நான் யார் மனத்தையும் புண்படுத்த எழுதவில்லை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

தன் இஷ்டப்படி ஒரு சுவர் வேண்டும் என்கிறீர்கள். அப்படி வேண்டுகிறவர்கள் சொந்தமாக வீடு கட்டிக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் கட்டினேன். ஆணியும் போக வேண்டும், தோலும் போக வேண்டும். இல்லையென்றால் மார்ச் 31.

இப்படிக்கு,
கோ. கோதண்டபாணி

ஆம்பூர்
28.1.2024

ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை. சொந்தமாகக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான். என் கணவர் நவீத் கம்பெனி வேன் ஓட்டுகிறார். நான் தோலைப் புரட்டுகிறேன். கட்ட முடிந்தால் கட்டியிருக்க மாட்டோமா? "வுட்டுடு ரஃபத், செவுத்துக்காவ வீட்ட வுட முடியுமா?" என்றார் அவர். கழற்றி மூட்டை கட்டி வைக்கத்தான் போனேன்.

அழுகை நின்றதும் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

முதலில் தோலைப் பற்றி. இந்த ஊரில் பாதிப் பேர் தோலில்தான் சோறு தின்கிறோம். கோவிந்தம்மாள் அக்கா ஷூவின் மேல்தோலை மடித்து ஒட்டுகிற பிரிவில் இருக்கிறார். அவர் தருகிற வாடகையும் நான் தருகிற வாடகையும் தோலிலிருந்து வருவதுதான். அதை வாங்கிய பிறகு நீங்கள் கை கழுவினீர்களா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நாளெல்லாம் என் கை தடவுகிற பொருள் கூடத்துக்கு ஆகாது என்றால், அந்தக் கையோடு நானும்தானே அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்?

அடுத்து ஆணி. ஐந்தையும் பிடுங்கிவிட்டேன். ஓட்டைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே நிறத்தில் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. ஏழாவது பிரிவுப்படி உங்கள் சுவர் இப்போது சுத்தம்.

ஆனால் படங்கள் அங்கேயேதான் இருக்கின்றன. கூடத்தின் நான்கு மூலையிலும் கொசுவலை கட்டுவதற்கு நீங்களே இரும்பு வளையம் பதித்து வைத்திருக்கிறீர்கள். கிழக்குச் சுவரின் இந்த மூலை வளையத்திலிருந்து அந்த மூலை வளையத்துக்குக் கம்பிக் கயிறு கட்டி, அதில் வரிசையாகத் தொங்கவிட்டுவிட்டேன். ஒப்பந்தத்தை நான்கு முறை படித்தேன். ஆணி அடிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. கொசுவலை வளையத்தில் கொசுவலையைத் தவிர வேறெதுவும் கட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை. எழுத்தில் உள்ளதைத்தான் நம்ப வேண்டும் என்று சொன்னவர் நீங்கள்.

வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ரஃபத் ஜஹான்

அரக்கோணம்
12.2.2024

திருமதி ரஃபத் ஜஹான் அவர்களுக்கு,

வந்து பார்த்தேன். சனிக்கிழமை காலை ரயிலில் ஆம்பூர் வந்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள், உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில். அவள் தினமும் சாவியைக் கீழே கொடுத்துவிட்டுப் போவாளாமே, அதை வைத்துக் கோவிந்தம்மாள் திறந்தார். கூடத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை.

ஆணி அடித்த இடங்களை விரலால் தடவிப் பார்த்தேன். வேலை சுத்தம். எங்கே ஓட்டை இருந்தது என்று கோவிந்தம்மாளுக்கே சொல்லத் தெரியவில்லை. கயிறு விஷயத்தில் நீங்கள் சொல்வதும் சரி. ஏழாவது பிரிவில் கயிற்றைப் பற்றி ஒன்றுமில்லை. அது என் கவனக்குறைவு. அடுத்த ஒப்பந்தத்தில் சேர்ப்பேன். கயிறு நடுவில் மூன்று அங்குலம் தொய்ந்திருக்கிறது. தண்டவாளம் பார்த்த கண்ணுக்கு அது மிகவும் தொந்தரவாக இருந்தது.

தோல்கள் ஐந்தையும் பார்த்தேன். பார்க்க மோசமில்லை. ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். நடுவில் கண்ணாடி போட்ட பெரிய சட்டம் ஒன்று தொங்குகிறதே, அந்த வரைபடம் உங்களுக்கு எங்கே கிடைத்தது? நான் பிறந்து வளர்ந்தது காவேரிப்பாக்கம். வாசலில் நின்றபோதே தெரிந்துவிட்டது, அது எங்கள் ஏரி. நீல நிறத்தில் ஏரி, கரை வளைகிற இடம், அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிந்து போகிற வாய்க்கால்கள். மதகு இருக்கிற இடங்களை வெள்ளிக் கோட்டால் வட்டமிட்டுக் காட்டியிருக்கிறார்கள். தெற்கே ஒரு வாய்க்கால் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. அது வெட்டுவதற்கு முன்னால் எடுத்த சர்வே என்று நினைக்கிறேன். மூலையில் சர்வேயரின் கையெழுத்தும் தாள் எண்ணும் தெளிவாக இருக்கின்றன. ஆர்.ஜே., தாள் எண் நான்கு. அப்படியென்றால் குறைந்தது இன்னும் மூன்று தாள் எங்கோ இருக்க வேண்டும்.

ரிடையர் ஆனதிலிருந்து இந்த வரைபடத்தைத் தேடுகிறேன். எத்தனை ஆபீஸ் படி ஏறியிருப்பேன் தெரியுமா? கோவிந்தம்மாளுக்கு ஒவ்வொரு வாய்க்காலாகக் காட்டி விளக்கினேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே என் முடிவு இது. தோல் ஐந்தையும் எடுத்துவிடுங்கள். வரைபடம் இருக்கட்டும். கயிற்றில் தொங்கவிடுகிற பொருள் அல்ல அது. அதற்கு மட்டும் நல்ல ஆணியாக ஒன்று அடித்துக்கொள்ள அனுமதி தருகிறேன். இதற்குச் சம்மதித்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத் தயார்.

கோ. கோதண்டபாணி

ஆம்பூர்
16.2.2024

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை ஐந்து முறை படித்துவிட்டேன். முதல் முறை எனக்காக, இரண்டாவது முறை நவீத்துக்காக, மற்ற மூன்றும் ஆசைக்காக. நவீத் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

ஐயா, என் வீட்டில் வரைபடம் எதுவும் இல்லை.

நீங்கள் பார்த்தது ஆட்டுத்தோல். மற்ற ஐந்தும் எங்கிருந்து வந்தனவோ, அங்கிருந்தே வந்ததுதான். உங்கள் இரண்டாவது கடிதம் வந்த வாரம் கோபத்தில் பாஷா பாய் கடைக்குப் போய் இன்னொன்று வாங்கினேன். வெளிர் நிறம், தூசி படும் என்பதால் அதற்கு மட்டும் கண்ணாடி போட்டேன். நீங்கள் பார்த்த வாய்க்கால்கள் அந்த ஆட்டின் ரத்தக் குழாய்கள். தோலை வேளையோடு உப்புப் போட்டு வைக்காவிட்டால் நரம்பு இப்படித் தடம் விட்டுவிடும். சாயம் அந்தத் தடத்தில் ஜாஸ்தி ஏறும். ஏரி என்று நீங்கள் நினைத்த இடம் சாயம் தேங்கிப்போன கறை. மதகு என்று நினைத்தீர்களே, அந்த வெள்ளி வட்டங்கள் நான் போட்டவை. குறை இருக்கிற இடத்தைச் சில்வர் பேனாவால் வட்டமிட்டுக் காட்டுவதுதான் என் வேலை.

சர்வேயர் ஆர்.ஜே. வேறு யாருமில்லை, ரஃபத் ஜஹான். நான்கு என்பது தாள் எண் இல்லை, நான்காம் தரம். அதற்குக் கீழே தரம் கிடையாது. அந்தத் தோலை மேஜையில் விரித்து, வட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டு, ஆகவே ஆகாது என்று நான்தான் தள்ளினேன். மூன்று வாரம் கழித்துப் பாஷா பாய் கடையில் அதுவே என் கையெழுத்தோடு குவியலில் கிடந்தது. நான் தள்ளியதை நானே காசு கொடுத்து வாங்கி வந்தேன். தெற்கே விட்டுப்போன வாய்க்காலுக்கு அந்த ஆடுதான் பொறுப்பு.

கோவிந்தம்மாள் அக்காவிடம், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இன்னா பண்ண சொல்ற ரஃபத், அவரு கையக் கட்டிகினு சாமி மின்னாடி நிக்கிற மாதிரி நின்னாரு. அந்த நேரத்துல போயி சார் அது ஆடுன்னு எப்டி சொல்றது?" என்றார்.

சிரித்தது தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சிரித்து முடித்தபின் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பத்தொன்பது வருஷமாகக் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதை நீங்கள் ஏரி என்று படித்திருக்கிறீர்கள். அதை யாரோ படித்த மனிதர் வரைந்ததாக நினைத்து அரை மணி நேரம் நின்றிருக்கிறீர்கள். லாங்கு பஜாரில் இருக்கிற எந்தப் படத்தின் முன்னாலும் நான் அப்படி யாரும் நின்று பார்த்ததில்லை.

ஆனால் ஒன்று. நான் இல்லாத நேரத்தில் நீங்கள் வந்து திறந்து பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. வாடகைக்கு இருந்தாலும் அது என் வீடு.

தோலை எல்லாம் எடுத்துவிட வேண்டும், வரைபடம் மட்டும் இருக்கலாம், அதற்கு ஓர் ஆணியும் அடிக்கலாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வரைபடமும் தோல்தான். இப்போது நான் எதை எடுக்க வேண்டும், எதற்கு ஆணி அடிக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். பரீட்சைக்கு நாற்பது நாள்கூட இல்லை.

ரஃபத் ஜஹான்

அரக்கோணம்
26.2.2024

அன்புள்ள ரஃபத் ஜஹான் அவர்களுக்கு,

பத்து நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் வெட்கம். மீதி மூன்று தாளையும் தேடித் தரச் சொல்லி மகனை வேறு நச்சரித்துவிட்டேன். உங்கள் கடிதத்தை அவன் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மாடிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

எழுத்தில் எழுதியதை எழுத்தில்தான் திரும்பப் பெற வேண்டும். தோலைப் பற்றி நான் எழுதியது தப்பு. திரும்பப் பெறுகிறேன். தெரியாதபோது கண்ணுக்குக் கோயிலாக இருந்தது, தெரிந்தவுடன் ஆகாததாகிவிடுமா? இதை யோசிக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. சொல்லாமல் வந்ததும் தப்பு.

இன்னொன்றும் எழுதியிருந்தேன், சுவர் வேண்டுமென்றால் சொந்தமாக வீடு கட்டிக்கொள்ள வேண்டும் என்று. நான் கட்டினேன். கட்டிய வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் மகன் வீட்டில் இருக்கிறேன். என் அறையில் ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் துணி அலமாரி, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் கதவு. பிள்ளைகள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், குறையில்லை. ஆனால் எனக்கென்று இங்கே ஒரு சுவர் இல்லை. உங்கள் முதல் கடிதத்தை நான் இன்னும் சரியாகப் படித்திருக்க வேண்டும்.

புதிய ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. பதினொரு மாதம் இல்லை, மூன்று வருஷம். ஏழாவது பிரிவை மாற்றி எழுதியிருக்கிறேன்: 'கூடத்தின் கிழக்குச் சுவரில் குடியிருப்பவர் தம் விருப்பப்படி ஆணி அடித்துக்கொள்ளலாம்.' சுவருக்குள் கரண்ட் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் மட்டும் அடிக்காதீர்கள். கயிற்றைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். அந்தத் தொய்வு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு வேண்டுகோள். அந்தக் காவேரிப்பாக்கத்தை எனக்கு விலைக்குக் கொடுப்பீர்களா? என்ன விலையானாலும் சரி.

கோதண்டபாணி

ஆம்பூர்
3.3.2024

அன்புள்ள ஐயாவுக்கு,

சலாம். ஒப்பந்தம் வந்தது. மெஹக்கைக் கூப்பிட்டு ஏழாவது பிரிவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தமிழ்ப் பரீட்சைக்கு ஒப்பிக்கிறவளைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பிறகு நவீத் வாங்கிப் படித்தார். பிறகு நான் வாங்கி, யாருக்கும் கேட்காமல் எனக்கு மட்டும் ஒருமுறை படித்துக்கொண்டேன். மூன்று வருஷம். பரீட்சை முடிகிறவரை இல்லை, மெஹக் பன்னிரண்டாம் வகுப்பையே முடிக்கிறவரை யாரும் எங்களை எழுந்திரு என்று சொல்ல முடியாது.

இன்று ஞாயிறு. காலையிலேயே கயிற்றைக் கழற்றிவிட்டேன். சுத்தியலை எடுத்ததும் கோவிந்தம்மாள் அக்கா மேலே ஏறி வந்தார். இந்த முறை எண்ணுவதற்கு இல்லை, ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதற்கு. நவீத் தான் அடிப்பதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. பதினேழு வருஷம் காத்திருந்தது நான். ஆணியை இன்னொருவர் அடித்தால் எப்படி? உங்கள் கரண்ட் கம்பிப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, அளந்து, ஏழு ஆணி அடித்தேன். போன தடவை பயந்து பயந்து, துணியைச் சுற்றி அடித்தேன். இந்தத் தடவை தெருமுனைவரை கேட்கும்படி அடித்தேன். எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மாட்டி முடித்ததும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். உண்ணி கடித்தது, முள் கிழித்தது, சாயம் ஏறாதது, எல்லாம் நான் தள்ளியவை. எல்லாம் நேராக, ஒரே மட்டத்தில், என் எதிரே இருந்தன. ஜெயிச்சுட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன். நவீத் யாரை என்று கேட்டார். ஆறு வீட்டுச் சொந்தக்காரர்களையும் என்றேன். நீங்களும் அதில் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காவேரிப்பாக்கத்தை விலைக்குக் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன். என்ன விலையானாலும் தர மாட்டேன். அதைத் தோல் என்று தள்ளியதும் நான், படம் என்று வாங்கியதும் நான், அதற்காகச் சண்டை போட்டதும் நான். தந்தாலும் நீங்கள் அதை எங்கே மாட்டுவீர்கள்? அலமாரிக்குப் பின்னால்தான் போகும்.

ஏழு ஆணி அடித்தேன் என்றேனே, படம் ஆறுதான். ஏழாவது ஆணியை உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அடித்தேன். ஏரிக்கு வலப்பக்கம், ஒன்றும் மாட்டாமல் விட்டிருக்கிறேன். அது உங்களுடையது. உங்களுக்குப் பிடித்த எதையாவது கொண்டுவந்து அதில் மாட்டுங்கள். ரயில் பாலமோ, தண்டவாளமோ, நிஜ வரைபடமோ, எதுவானாலும் சரி. மாட்டிவிட்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்று பாருங்கள், டீ போட்டுத் தருகிறேன்.

நிபந்தனைகளை எழுத்திலேயே தருகிறேன். உயிருள்ள உருவம் கூடாது. ஒரே படம்தான், இரண்டாவது கொண்டுவரக் கூடாது. வருவதற்கு ஒரு வாரம் முன்னால் கடிதம் எழுத வேண்டும், நான் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து. சம்மதம் என்றால் கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள். வீடு உங்களுடையதுதான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சுவரில் எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்று இனிமேல் சொல்கிறவள் நான்.

ரஃபத் ஜஹான்